ஒரு ரூபாய் எடை

ரத்தினசாமி முதலாளியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் எங்கள் கம்பெனியின் முதலாம் நம்பர் பஸ்ஸுக்குள், மூன்றாவது ஜன்னலில், ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே இருந்தார். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கால்கள் இரண்டும் பஸ்ஸின் கூரையில் முட்டிக்கொண்டிருந்தன. தலைகீழாகத் தொங்கியபடி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஆடிக் காற்று அந்தச் சொல்லை அவருக்கு முன்னாலேயே கிழக்கே கொண்டுபோய்விட்டது. கீழே சந்தைப் பொட்டலில் நின்ற அத்தனை பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஸ் பறந்ததற்காக அல்ல, அதை நாங்கள் ஒரு மாதமாகப் பார்த்துப் பழகியிருந்தோம். அதற்குள் ஒரு மனிதர் இருந்ததற்காக.

தென்காசிக்கு வடகிழக்கே உள்ள வன்னிக்குளம்தான் எங்கள் ஊர். அங்கே அழகியநாயகி மோட்டார் சர்வீஸ் என்ற பெயரில் ஐந்து பஸ்கள் ஓடின. அந்தப் பக்கத்து ஜனங்கள் அத்தனை நீளப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அழகி வந்துட்டா', 'அழகி போயிட்டா' என்பார்கள். அண்ணன் தவசிக்கனியும் தம்பி ரத்தினசாமியும் சேர்ந்து நடத்திய கம்பெனி அது. தவசிக்கனி மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு அவர் மனைவி செல்லக்கனி ஷெட்டை ஒட்டிய கம்பெனி வீட்டிலேயே இருந்தாள். பிள்ளை கிடையாது. ஒரு எருமை இருந்தது.

நான் அங்கே கணக்கு எழுதினேன். எட்டாவது வரை படித்தவன். திருநெல்வேலி ஜங்ஷன் நடைபாதையில் அட்டை கிழிந்த ஒரு கணக்குப் பதிவியல் புத்தகம் வாங்கினேன், அதிலிருந்துதான் ஆரம்பம். பிறகு பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ள கம்பெனிகளில் பத்துப் பத்து ஷேர் வாங்கிப் போட்டேன், லாபத்துக்காக அல்ல, வருஷத்துக்கு ஒரு தடவை அவர்கள் தபாலில் அனுப்பும் அறிக்கைக்காக. மற்றவர்கள் தொடர்கதை படிக்கிற மாதிரி நான் அதைப் படிப்பேன். எந்தக் கம்பெனி லாபம் என்று எழுதிவிட்டுக் கையில் காசில்லாமல் நிற்கிறது, எது நஷ்டம் என்று எழுதிக்கொண்டே கொழுக்கிறது என்றெல்லாம் பார்ப்பேன். என் மனைவி அன்னத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுல யாரு கதாநாயகி?" என்று கேட்பாள். அவள் போய் வெகுநாள் ஆகிறது. அந்த அறிக்கைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி வாங்கினாலும் வருஷா வருஷம் தேய்மானம் என்று அதன் விலையில் ஒரு பங்கைக் கழிப்போம். கழித்துக் கழித்து ஒன்றுமில்லாமல் போகிற சமயத்தில் முழுசாக அழித்துவிடாமல் ஒரு ரூபாய் மட்டும் நிறுத்தி வைப்போம். ஓடுகிற வண்டியின் பெயர் கணக்கில் இல்லாமல் போய்விடக்கூடாது என்று தவசிக்கனி முதலாளி ஏற்படுத்திய வழக்கம் அது. ரத்தினசாமி முதலாளி தலையெடுத்த பிறகு தேய்மானத்தைச் சட்டம் எவ்வளவு விடுமோ அவ்வளவும் போடச் சொன்னார். அப்படித்தான் அந்த வருஷத்து ஐந்தொகையில், அதாவது கம்பெனிக்கு என்ன இருக்கிறது, என்ன கடன் இருக்கிறது, யார் போட்ட முதல் எவ்வளவு நிற்கிறது என்று ஒரே தாளில் காட்டும் கணக்கில், ஐந்து பஸ்களும் ஒவ்வொரு ரூபாயாக நின்றன. செல்லக்கனி குடியிருந்த வீடு நாற்பது ரூபாய்க்கு நின்றது. முதலாளி கம்பெனி பேரில் புதிதாக வாங்கிய கார் முழு விலைக்கு நின்றது.

அந்த ஐந்தொகையில் மதுரை ஆடிட்டர் தேசிகன் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை டிரைவர் இசக்கிமுத்து ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, வண்டிய எடுக்க முடியல."

"ஏன், பேட்டரியா?"

"பேட்டரி இருக்கு. தரைதான் இல்ல. வந்து பாரும்."

ஷெட்டில் ஐந்து பஸ்களும் தகரக் கூரையில் முட்டிக்கொண்டு, காற்றடிக்கும்போது ஒன்றையொன்று மெதுவாக இடித்துக்கொண்டு, தொழுவத்து மாடுகள் மாதிரி நின்றன, தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில். வாசலில் நின்ற புது கார் கதவு வரைக்கும் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. ஆபீசில் என் மேஜை சுவரோரமாக மிதந்தது. சங்கரன்கோவில் சரக்கு ஏஜெண்டு ஒருவர் தரவேண்டிய பெரிய தொகைக்கான ரசீது ஒன்று என் ஃபைலில் இருந்தது. அந்த ஆள் ஊரைவிட்டே ஓடிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் அந்தத் தொகையை முதலாளி வராக்கடன் என்று கழிக்க விடவில்லை, கழித்தால் பாங்கு கடன் தராது என்பார். அந்த ஒற்றைத் தாளை எடுக்கப் போனேன், முடியவில்லை. லோடுமேன்கள் நான்கு பேர் வந்து கடப்பாரை போட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. ஐந்தொகையில் எந்தப் பொருள் எந்த விலைக்கு நின்றதோ அந்த விலையின் எடை அதற்கு வந்திருந்தது. எழுதாதவை எல்லாம் பழையபடி இருந்தன. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, அதனால் மண் மண்ணாகவே கிடந்தது. என்னையும் இசக்கிமுத்துவையும் கண்டக்டர்களையும் யாரும் சொத்து என்று எந்தத் தாளிலும் எழுதியதில்லை, ஆகையால் எங்கள் எடை எங்களிடம் இருந்தது.

ஊர் இரண்டு நாள் வாய் பிளந்தது. மூன்றாம் நாள் பஸ்ஸுக்கு நின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, தென்காசி ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கவேண்டியவர்கள் இருக்கிறார்கள், வேறு வண்டி இந்தத் தடத்தில் கிடையாது. கயிறு போட்டு இழுத்து, ஓடை மணலை மூட்டை மூட்டையாக ஏற்றினோம், பஸ் தரையைத் தொட்டது. ஆட்கள் ஏற ஏற மூட்டைகளை இறக்கினோம். கண்டக்டர்கள் இதுவரை கத்தியதற்கு நேர் எதிராகக் கத்த ஆரம்பித்தார்கள். "ஏறுங்க ஏறுங்க, பலாப்பழமா, டிக்கெட் வேண்டாம், கொண்டாங்க! பெரியவரே, உம்ம மாதிரி நாலு பேரு ஏறுனா தென்காசி வரைக்கும் கவலையில்ல!" நெல் வியாபாரி பலவேசம் ரொம்ப கனத்த மனிதர், அவருக்குப் பின்சீட்டில் இலவச இடம் நிரந்தரமாயிற்று. அவர் வேலை வெட்டியை விட்டுவிட்டுத் தென்காசிக்கும் வன்னிக்குளத்துக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தார், முன்னைவிட மரியாதையாக நடந்தார். கர்ப்பிணிகள் தேடி வந்து ஏறினார்கள், குழிகளில் தூக்கிப் போடுவதில்லை. டீசல் பாதியாகக் குறைந்தது. டயர் தேயவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஒருவர் வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதிக எடை ஏற்றினால்தான் குற்றம், குறைந்த எடைக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்.

செல்லக்கனியின் வீடுதான் சங்கடமாகப் போயிற்று. அவள் உள்ளே இருந்தால் நிற்கும், தண்ணீர் எடுக்க வெளியே வந்தால் கிளம்பும். அக்கம்பக்கத்துப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு வந்து உள்ளே உட்கார்ந்தார்கள், சும்மா உட்காராமல் பீடி இலை நறுக்கினார்கள். ஊரில் கடைக்காரர்கள் கணக்கு எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். அன்னத்தாய் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்னைய எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீகளா?"

"இல்ல."

"எழுதிராதீக," என்றாள்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாத விஷயம் அந்த மாதமே வந்தது. அண்ணன் தம்பி எழுதிக்கொண்ட கூட்டு ஒப்பந்தத்தில், கூட்டாளி ஒருவர் இறந்தால் ஐந்தொகையில் அவர் பேரில் நிற்கிற தொகையை வாரிசுக்குக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. தவசிக்கனி பேரில் நின்றது பதினோராயிரம் ரூபாய், ஆதியில் அவர் தன் தோட்டத்தை விற்றுப் போட்ட பணம். பஸ்களெல்லாம் ஒரு ரூபாய்க்கு நிற்கும்போது அந்தத் தொகை கூடுவதற்கு வழியில்லை. அதை வாங்கிக்கொண்டு, வீட்டையும் விட்டுவிட்டு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று ரத்தினசாமி முதலாளி அண்ணிக்கு, அவர் வாயில் மைனிக்கு, சொல்லி அனுப்பினார். ஆவணி பிறப்பதற்குள்.

செல்லக்கனி என்னை வரச்சொன்னாள். நான் படியேறியதும் வீடு கொஞ்சம் அமுங்கியது.

"அண்ணாச்சி, ஒங்க கணக்கு பொய்யா?"

"பொய் இல்லம்மா."

"அப்போ நெசமாவே அஞ்சு பஸ்ஸும் அஞ்சு ரூவாதானா? அந்த மனுசன் ராப்பகலா வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தது அஞ்சு ரூவாய்க்கா?"

அவளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் எருமை கத்தியது.

"இந்த எருமைய என்ன விலைக்கு வாங்குனீக?"

"அறுநூறு."

"இப்ப அறுப்புக்குக் குடுத்தா?"

"முன்னூறு தருவான், பாவி."

"பால் வித்து மாசம் என்ன வருது?"

அவள் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, என்னைப் பார்த்தாள். நான் மேலே சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை, என்றாலும் சொன்னேன். ஐந்தொகையில் இருப்பது வாங்கின விலையில் தேய்ந்தது போக மீதி. பால் விஷயம் லாப நட்டக் கணக்கில் இருக்கிறது. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தேய்மானம் என்று கழித்திருப்பது கையை விட்டுப் போன காசு இல்லை, அதைத் திரும்பக் கூட்டவேண்டும். முதலாளி வீட்டுப் பெட்ரோலும் கல்யாணச் செலவும் கம்பெனிச் செலவாக இருக்கிறது, அதையும் கூட்டவேண்டும். ஆனால் பழைய பஸ்ஸுக்குப் பதில் ஒருநாள் புதுசு வாங்கியாகவேண்டும், அதற்கு வருஷா வருஷம் எடுத்து வைக்கவேண்டியதைக் கழிக்கவேண்டும். ஒரு வருஷத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஐந்து வருஷத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தக் கம்பெனி வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் கறக்கிறது. வாங்க வருகிறவன் ஐந்து வருஷத்துப் பாலையாவது கொடுக்காமல் கயிற்றைத் தொடமாட்டான்.

"ஒம்போது லெச்சம்," என்றாள் செல்லக்கனி. எருமைக்குத் தவிடு கரைக்கப் போனாள்.

அதற்கு முன்பே நான் முதலாளியிடம் பேசிப் பார்த்திருந்தேன். அவருக்கு ஒரு கஷ்டம் இருந்தது, அது எனக்கு மட்டும் தெரியும். ஐந்தொகையில் எழுதப்படாத மனிதர்கள்தான் நாங்கள், ஆனால் கூட்டாளிகள் எழுதப்பட்டவர்கள், அவர்கள் பேரில் முதல் கணக்கு உண்டு. ரத்தினசாமி முதலாளி மாடி வீட்டுக்கும் மகள் நகைக்கும் எடுத்து எடுத்து அவர் கணக்கு இருப்புக்குக் கீழே போயிருந்தது. ஒன்றுமில்லாததைவிடக் குறைவு. அதனால் அவருக்கு எடையும் அப்படியே ஆயிற்று. டிரைவர்கள் போடும் காக்கிக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, அதன் பை நிறைய போல்ட்டும் நட்டும் பேரிங்கும் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஷெட்டுச் சாவிகளை எல்லாம் கொத்தாகச் செருகிக்கொண்டுதான் நடமாடினார். இந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றமாட்டேன் என்கிறாரே, சீக்கோ என்று ஊரில் கேட்டார்கள்.

"முதலாளி," என்றேன், "புதுசா மதிப்புப் போட்டு ஒரு ஐந்தொகை எழுதிருவோம். வண்டிக்கு உள்ள விலை, தடத்துக்கு உள்ள விலை எல்லாம் ஏறிரும். ஒங்க கணக்கும் மேல வந்துரும். காலு தரையில நிக்கும்."

அவர் மிதக்கும் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதினா மைனிக்குப் பாதி போயிருமேவே."

"போகும்."

"அப்போ வேண்டாம். நான் மெதந்துக்கிடுதேன்."

செல்லக்கனி கையெழுத்துப் போட மறுத்ததும் பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. பாதிப் பேர் அவள் பக்கம், பாதிப் பேர் தாளில் எழுதியதுதானே செல்லும் என்ற பக்கம். முதலாளி ஒரு யோசனை சொன்னார். எல்லோர் முன்னாலும் நிறுத்துப் பார்த்துவிடுவோம், ஒரு ரூபாய்க்கு மேல் ஒரு குன்றிமணி இருந்தாலும் மைனி கேட்பதைக் கொடுக்கிறேன் என்றார். ஆடிட்டர் தேசிகனுக்கும் ஆள் போயிற்று.

சந்தைப் பொட்டலில் பருத்திப் பொதி நிறுக்கிற பெரிய தராசு உண்டு, மூன்று பனைமரங்களைக் கூட்டிக் கட்டித் தொங்கவிட்டது. முதலாம் நம்பர் பஸ்ஸின் மணல் மூட்டைகளை எல்லாம் இறக்கி, நான்கு கயிற்றில் பிடித்துக் கொண்டுவந்து, ஒரு தட்டில் நிறுத்திக் கட்டினார்கள். மறு தட்டில் முதலாளி ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். முள் ஆடியது. நின்றது. நேராக நின்றது.

கூட்டத்தில் ஒரு பெரிய மூச்சு எழுந்தது. மிதக்கிறதைப் பார்த்துப் பழகியவர்கள்தான், ஏறிப் போய் வந்தவர்கள்தான், இருந்தாலும் தங்களையும் பிள்ளைகளையும் சுமந்த வண்டிக்கு எதிரே அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்ததும் பலவேசமே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தாச்சா?" என்றார் முதலாளி. "கண்ணால பாத்தாச்சா? ஆடிட்டர் சார், நீரு சொல்லும்."

"நான் கையெழுத்துப் போட்டது கணக்கு ஒழுங்கா எழுதியிருக்குங்கறதுக்கு," என்றார் தேசிகன். "வண்டி என்ன விலை போகும்னு நான் எங்கேயும் சொல்லலை. ஐந்தொகை விலைப்பட்டியல் இல்லை, சார்."

"அத தராசுகிட்ட சொல்லும்."

அப்போது செல்லக்கனி எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐந்து ஒற்றை ரூபாய் நாணயங்களை எடுத்து, ஆடிட்டருக்கு முன்னால் இருந்த மேஜையில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்தாள்.

"அஞ்சு பஸ்ஸு, அஞ்சு ரூவா. தம்பி, எனக்குக் குடுத்துருங்க."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பின்னால் இருந்து யாரோ ஒருவர் சிரித்தார், அந்தச் சிரிப்பு முன்னால் வருவதற்குள் பொட்டல் முழுக்கப் பரவிவிட்டது.

"வெளையாடுதீகளா மைனி?"

"நான் எங்க வெளையாடுதேன்? ஒங்க தராசு, ஒங்க ரூவா. வெல நீங்க சொன்னது. வாங்கிக்கிடுதேன்."

"அதெப்படி?" என்றார் முதலாளி. "பெர்மிட்டு என்னாகும்? தென்காசித் தடம் இருக்கே, அத வாங்க எவன் எவன் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கான் தெரியுமா? அழகி அழகின்னு ஊரே சொல்லுதே, அந்தப் பேரு என்னாகும்?"

"அதெல்லாம் எங்க எழுதியிருக்கு?"

"எழுதினாத்தானா? பத்து லெச்சம் கொண்டாந்தாலும் தரமாட்டேன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. ஆடிட்டர் தேசிகன் பேனாவைத் திறந்தார். "அப்போ பாதி அஞ்சு லட்சம், சார்," என்று மெதுவாகச் சொன்னார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, எழுதத்தான் ஆயத்தமானார்.

முதலாளி இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடுங்கி அந்த ஐந்து நாணயங்கள் மேல் எறிந்தார். நாணயங்கள் சிதறின. "எல்லாம் இந்தக் கணக்குப்பிள்ளை குடுத்த புத்தி" என்று கோட்டுப் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து என்மேல் எறிந்தார். நான் குனிந்துகொண்டேன். அடுத்து நட்டு. அடுத்து பேரிங். கைக்கு அகப்பட்டதை எல்லாம் எறிந்தார், ஆடிட்டர்மேல், தராசின்மேல், கூட்டத்தின்மேல். "முதலாளி, எறியாதீங்க, முதலாளி!" என்று நான் கத்தினேன், அடி படுமே என்று பயந்து கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் இன்னும் வேகமாக எறிந்தார். கடைசி பேரிங் கையை விட்டுப் போனதும் அவர் கால் தரையை விட்டது. அவர் முகத்தில் கோபம் அப்படியே இருக்க, கண்ணில் மட்டும் பயம் வந்தது. எட்டி பஸ்ஸின் கதவுக் கம்பியைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் உள்ளே போய் விழுந்தார், கீழ்நோக்கி அல்ல, மேல்நோக்கி.

மேற்கே கணவாயிலிருந்து காற்று வந்தது. சந்தைக் கயிறுகள் பழையவை. ஒன்று தெறித்தது, பின் ஒன்று. இசக்கிமுத்து பாய்ந்து பஸ்ஸின் பின் ஏணியைப் பிடித்துத் தொங்கினான். அவனையும் தூக்கிக்கொண்டு பஸ் எழும்பியது. "விடுலே, விட்டுரு!" என்று எல்லோரும் கூச்சல் போட, ஒரு பனை உயரத்தில் அவன் கையை விட்டான். விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. அப்புறம் யாரும் கூச்சல் போடவில்லை. நான் முன்னால் சொன்னபடி ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது, என்னைப் பார்த்தது.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு உப்பளத்தில், காற்று அடங்கிய இடத்தில், பஸ் இறங்கிக் கிடப்பதாகத் தகவல் வந்தது. நான்தான் லாரி எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைவெளேர் என்ற உப்புப் பாத்திக்கு நடுவே அழகி நின்றாள், ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. உப்பு வாருகிற பெண்கள் பஸ்ஸுக்கு நான்கு பக்கமும் உப்பு மூட்டைகளைக் கட்டியிருந்தார்கள். "வழி தப்பி வந்துருக்குன்னு நெனச்சோம்" என்றார்கள். முதலாளி கூரையில் ஒட்டிக் கிடந்தார். உடம்பில் ஒரு காயமும் இல்லை, மூச்சும் இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி ஏறி அவர் கண்களை மூடியிருந்தாள், தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவரை சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் புதைப்பதுதான் வழக்கம். பாடையைத் தூக்கத் தோள் தேவைப்படவில்லை, அமுக்கிப் பிடிக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. குழியில் வைத்து மண்ணைத் தள்ளினார்கள். மண் அசைந்தது. பிளந்தது. வெள்ளைத் துணி மேலே வந்தது. மறுபடி இறக்கி, கல்லை ஏற்றி, மண்ணைப் போட்டார்கள். கல் உருண்டது, அவர் மேலே வந்தார். பறக்கிற பஸ்ஸில் முறுக்குத் தின்றுகொண்டு போய் வந்த ஆண்கள், வீட்டைக் கயிற்றில் கட்டிப்போட்டு அதற்குள் பீடி இலை நறுக்கிய பெண்களின் புருஷன்மார்கள், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார். மண் ஒரு மனிதனை வேண்டாம் என்று சொல்வதை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

இடுகாட்டுக்குப் பெண்கள் வருகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனாலும் செல்லக்கனி வந்தாள். அவளுக்குப் பின்னால், தாலி கழற்றாத கோலத்தில், முதலாளியின் மனைவி பூரணம் வந்தாள். செல்லக்கனி குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இவரு கணக்கு எவ்வளவு கொறையுது?"

சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரரு பேருல நிக்கது அதுக்குக் காணுமா?"

"காணும். கொஞ்சம் மிஞ்சும். ஆனா அம்மா, அத முழுசா எழுதிக் குடுத்துட்டா ஒங்களுக்குக் கம்பெனியில ஒண்ணும் இல்ல. கேக்க முடியாது. வீடும் போயிரும்."

"தெரியும். எழுதும்."

"அக்கா," என்றாள் பூரணம்.

"சும்மா இரு, பூரணம். மனுசன மண்ணுல வைக்கணும்."

ஆபீசுக்கு ஆள் ஓடிக் கணக்குப் புத்தகம் வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சமாதியின் மேல் வைத்து எழுதினேன். தவசிக்கனி கணக்கில் பற்று, ரத்தினசாமி கணக்கில் வரவு. செல்லக்கனி கையெழுத்துப் போட்டாள். மை காய்வதற்குள் குழிக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது, ஒரு ஆள் அசந்து கட்டிலில் சாய்கிற சத்தம். துணி இறங்கியது. யாரோ மண்வெட்டியை எடுத்தார்கள்.

பதினாறு கழிந்து பூரணம் ஆபீசுக்கு வந்தாள். அதுவரை அவள் அங்கே வந்ததில்லை. மிதக்கிற மேஜையைப் பார்த்தாள், நாற்காலியில் உட்காரப் பயந்து நின்றுகொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, இந்தக் கம்பெனி உள்ளபடிக்கு என்ன பெறும்? என் வீட்டுக்காரருக்கு எழுதிக் குடுத்தத எனக்குச் சொல்லாதீக. அக்காவுக்குச் சொன்னதச் சொல்லுங்க."

செல்லக்கனிக்குச் சொன்ன அதே தொகையைச் சொன்னேன். முழுக்க இப்போது பூரணத்தின் பேரில்தான் நின்றது, தாள்படி அதில் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவேண்டியதில்லை. அவள் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கண்டக்டர்கள் பலவேசத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா குழிக்கிட்ட நின்னத நான் பாத்தேன்," என்றாள் கடைசியில். "பாதிய அக்கா பேருல எழுதுங்க. வண்டிக்கும் தடத்துக்கும் உள்ள வெலையப் போட்டு எழுதுங்க."

"எழுதினா வண்டியெல்லாம் எறங்கிரும். டீசல் பழையபடி குடிக்கும். டயர் தேயும். லாபம் கொறையும்."

"எறங்கட்டும்."

ஆடிட்டர் தேசிகன் மறுபடியும் மதுரையிலிருந்து வந்தார். இரண்டு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து பஸ்களும் ஒரே சமயத்தில் தரையில் உட்கார்ந்தன, ஒன்றுக்கு அச்சு முறிந்தது. என் மேஜை என் காலில் விழுந்து நகம் பெயர்ந்தது. பலவேசம் ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு அரசாங்க பஸ் வந்தது, மினி பஸ் வந்தது, ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வந்தது, தடங்களை ஒவ்வொன்றாக விற்றோம்.

தென்காசித் தடத்தில் இப்போது ஒரு பஸ் ஓடுகிறது. பாதி செல்லக்கனியின் பேரில் இருக்கிறது, பாதி பூரணத்தின் பேரில்.